இடமிருந்து வலமாக

செய்தி, மக்கள் தொடர்பு அலுவலகம் என்று கதவில் பித்தளைப் பலகை இருந்ததே தவிர, பல்கலைக்கழகத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. குண்டன் பசான் படம் எடுப்பான், நெலிதா பேர் எழுதுவாள், அந்த ஆபீஸ் என்றால்தான் வாசல் காவலருக்கே புரியும். பட்டமளிப்பா, கால்நடைத் துறையின் புது மாட்டுக் கொட்டகையா, கால்பந்துக் கோப்பையா, எதுவானாலும் முன்னால் பசானின் தொப்பை போகும், பின்னால் பென்சிலோடு நெலிதா ஓடுவாள். படம் எடுத்து முடித்தாலும் நின்றவர்களை அவள் நகர விடமாட்டாள். "அப்படியே நில்லுங்க. உங்க பேரு? குடும்பப் பேரு? ரெண்டாவது பேரு ஒண்ணு இருக்குமே, அதையும் சொல்லுங்க."

இது இயக்குநர் லிசார்ராகா போட்ட சட்டம். பின்பக்கம் பெயர் எழுதாத படம் அலமாரிக்குள் போகக் கூடாது. "பேரில்லாத படமும் அநாதைப் பொணமும் ஒண்ணுதான். புதைக்கலாம், வேற எதுக்கும் ஆகாது" என்பார் இருமிக்கொண்டே. மனுஷன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஊர்ப் பத்திரிகைகள் பெயரில்லாத படத்தைச் சீண்டாது. கரும்பாலைக் குடியிருப்புகளிலிருந்து பிள்ளையைப் படிக்க அனுப்பிய தாய்மார்கள் எங்கள் பல்கலைக்கழக இதழைக் கேட்டு வாங்குவதே அச்சில் அந்தப் பெயரை விரலால் தடவிப் பார்க்கத்தான். நெலிதாவுக்குக் கன்னிகாஸ்திரீகள் பள்ளியில் அடி வாங்கி வாங்கிப் படிந்த உருண்டைக் கையெழுத்து. 'இடமிருந்து வலமாக' என்று தொடங்கி ஒரு எழுத்து பிசகாமல் எழுதிவிடுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, இருக்கட்டுமே.

ஒரே ஒரு தடவைதான் அந்தச் சட்டம் பலிக்கவில்லை. எங்கள் பக்கம் குளிர்காலமான ஆகஸ்டில் மாணவர் உணவகத்தை மூடப்போகிறார்கள் என்று பையன்களும் பெண்களும் ஊர்வலம் போனார்களே, அன்றைக்கு. பசான் கூட்டத்தோடு கூட்டமாக ஓடி ஓடி ஒரு சுருள் முழுக்க எடுத்தான். நெலிதாவும் பழக்க தோஷத்தில் பென்சிலோடு போய் நின்றாள். ஊர்வலத்தில் போகிறவன் பேர் சொல்வானா? "எழுதிக்க அக்கா, எம் பேரு பசி, குடும்பப் பேரு பட்டினி" என்று ஒருத்தன் சிரித்துவிட்டு ஓடினான். அந்தப் படங்கள் பின்பக்கம் வெள்ளையாகவே அலமாரிக்குப் போயின. லிசார்ராகா ஒரு வாரம் முணுமுணுத்தார்.

அதில் மூன்றாவது படத்தில் ரமிரோ இருந்தான். பெரிய துணித்தட்டியின் ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு, நெலிதா தைத்துக் கொடுத்த கட்டம் போட்ட சட்டையோடு. ஈரப் பிரதியைக் கையில் வாங்கிய கணமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ரமிரோ அவள் தம்பி. அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. கல்யாணம், காட்சி என்று எதுவும் வேண்டாமென்று தண்டவாளத்தோரம் ரெண்டு அறை வீட்டில் வைத்து அவனை வளர்த்தவள் இவள்தான். அன்று சாயங்காலம் அவன் காதைப் பிடித்துத் திருகி, "வேளாண்மை படிக்கப் போனியா, கம்பு தூக்கப் போனியா?" என்று கேட்டாள். "சாப்பாட்டுக்குத்தானே அக்கா போனோம்" என்றான். அதோடு விட்டுவிட்டாள். அப்போதெல்லாம் அது அவ்வளவு சின்ன விஷயம்.

அடுத்த மார்ச்சில் ராணுவம் ஆட்சிக்கு வந்தது. பல்கலைக்கழகத்துக்குத் தலைவராக ஒரு கர்னலைப் போட்டார்கள். பேராசிரியர்கள் சிலர் வகுப்புக்கு வரவில்லை, அவர்கள் வீட்டுக் கதவுகள் திறந்தே கிடந்தன, அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஏப்ரலில் ஒரு நாள் காலை லிசார்ராகா நெலிதாவை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நாளைக்குக் காலைல ஒருத்தர் வர்றார். போன ஆகஸ்ட் ஊர்வலப் படம் மொத்தமும் வேணுமாம். பிலிமும் சேத்து."

"எதுக்கு சார்?"

"எதுக்குன்னு கேக்கற ஆளா நான்? எடுத்து வை."

நெலிதா அலமாரி முன்னால் போய் நின்றாள். உறையை எரித்துவிடலாம்தான். ஆனால் அலமாரியில் ஒவ்வொரு உறைக்கும் எண் உண்டு, எண்ணுக்கு அட்டை உண்டு. உறை இல்லையென்றால் லிசார்ராகாவையும் பசானையும் அவளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போவார்கள். அதற்குப் பிறகு ரமிரோவையும் விடமாட்டார்கள். படத்திலிருந்து அவனை மட்டும் வெட்டினால் ஓட்டை பேசும். தம்பியைக் காப்பாற்றவும் வேண்டும், உறையும் இருக்க வேண்டும். அதைத் தவிர அன்று அவள் தலையில் வேறெதுவும் ஏறவில்லை.

எங்கள் ஊரில் மதியம் ஒரு மணிக்கு எல்லாம் அடங்கிவிடும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஜன்னலை மூடிக்கொண்டு ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் நாலு மணிக்கு மறுபடி வேலை. அந்த நேரத்தில் நெலிதா அலுவலகத்திலேயே தங்கினாள். முற்றத்தில் தோட்டக்காரர் இலை கூட்டும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் அலமாரியைத் திறந்து ஊர்வலம் மாதிரி இருக்கிற வேறொரு கூட்டத்தைத் தேடினாள்.

கிடைத்தது பாட்டுக்குழு. செப்டம்பர் மாணவர் தினத்தன்று சதுக்கத்து மேடைப் படிகளில் நின்று பாடினார்களே, அந்தப் படங்கள். இளசுகள் கூட்டம், திறந்த வாய்கள், தூக்கிய கைகள், முன்னால் ஒரு துணித்தட்டி, அதில் 'வசந்தம் வருகிறது' என்று பெயின்டில் எழுதியிருந்தது. சட்டென்று பார்க்கிறவனுக்கு ஊர்வலம்தான். கொஞ்சம் விசாரித்தாலோ, பாவம், பாட்டுப் பாடுகிற பிள்ளைகள், விட்டுவிட வேண்டியதுதான். பாடினதற்காக யாரையாவது பிடிப்பார்களா என்ன? இதைத்தான் அவள் யோசித்தாள். தப்பு செய்யாதவனை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்று நம்பியவள் அவள் மட்டுமல்ல, அன்றைக்கு ஊரே அப்படித்தான் நம்பிக்கொண்டு ஜன்னலை மூடித் தூங்கியது.

ஒவ்வொரு படமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முஷ்டி மடக்கியவர் இருக்கிறாரா, கொடி தெரிகிறதா என்று முகங்களை மட்டும் பார்த்தாள். ஊர்வல உறையில் இருந்ததைப் பாட்டுக்குழு உறைக்கும், இதில் இருந்ததை அதற்கும் மாற்றினாள். பிலிமையும் மாற்றினாள். ஒரு படத்தைக்கூடத் திருப்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் வந்தவர் சீருடையில் இல்லை. பழுப்புத் தோல் சட்டை, நன்றாகச் சவரம் செய்த முகம், மரியாதையான பேச்சு. லிசார்ராகா "காப்டன்" என்று கூப்பிட்டதால் காப்டன் என்று தெரிந்தது. விருந்தாளி வந்தால் மாத்தே கஷாயம் கொடுக்காமல் இருக்க முடியுமா? நெலிதா சுரைக்குடுக்கையில் இலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி, உறிஞ்சு குழலோடு நீட்டினாள். குடித்துவிட்டு 'நன்றி' என்று சொன்னால், இனி வேண்டாம் என்று அர்த்தம், சொல்லாவிட்டால் மறுபடி ஊற்ற வேண்டும். காப்டன் குடித்தார், குடுக்கையைத் திருப்பித் தந்தார், நன்றி சொல்லவில்லை. அவள் மறுபடி ஊற்றினாள்.

உறையைப் பிரித்துப் படங்களை மேஜை மேல் பரப்பினார். லிசார்ராகா எட்டிப் பார்த்தார். பார்த்த மாத்திரத்தில் அவருக்கு இது எந்தப் படம் என்று தெரிந்துவிட்டது. அந்த மேடையை, அந்தப் பிள்ளைகளை, இதழின் முதல் பக்கத்தில் போட்டவரே அவர்தானே. நிமிர்ந்து நெலிதாவைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி இருமத் தொடங்கினார்.

"வசந்தம் வருகிறது" என்று காப்டன் நிதானமாகப் படித்தார். "யாரோட வசந்தம்?"

"அது பாட்டுங்க. இவங்க பாட்டுக்குழு" என்றாள் நெலிதா.

"ஊர்வலத்துல பாட்டுப் பாடாமலா போவாங்க? நானும் கேட்டிருக்கேன், நல்லாத்தான் பாடுவாங்க." அவர் ஒரு படத்தை எடுத்துப் புரட்டினார். அப்படியே கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்ததைப் புரட்டினார். "அட" என்றார்.

நெலிதா அப்போதுதான் பார்த்தாள். காப்டனின் விரல்களுக்கு நடுவே அவளுடைய உருண்டைக் கையெழுத்து. இடமிருந்து வலமாக. பெயர், இரண்டாவது பெயர், குடும்பப் பெயர், எந்தத் துறை, எந்த ஆண்டு. ஒருத்தர் விடாமல்.

"யாரு எழுதினது இது?"

"நாந்தான்."

"எங்க ஆபீஸ்ல பன்னெண்டு பேர் இருக்கான். ஒருத்தனுக்காவது இப்படி வருமா? கோழி கிளறின மாதிரி எழுதறானுங்க." சந்தோஷமாகச் சொன்னார். "எங்க வேலையப் பாதியா குறைச்சிட்டீங்க, மகளே."

அந்த நிமிஷத்தில் அவள் சொல்லியிருக்கலாம். உறை மாறிப் போச்சு, இது வேற, இவங்க ஊர்வலத்துக்குப் போனவங்க இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, அப்போ ஊர்வலப் படம் எங்கே? நெலிதா கெட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பியின் சட்டை கண்ணுக்குள் நின்றது. காப்டன் குடுக்கையை நீட்டினார், அவள் ஊற்றினாள், அவர் குழல் கரகரவென்று சத்தம் போடும்வரை உறிஞ்சினார்.

"நன்றி" என்று குடுக்கையைத் திருப்பித் தந்துவிட்டு எழுந்தார்.

பாட்டுக்குழு வாரத்தில் இரண்டு நாள் அலுவலகத்துக்கு நேர் மேலே உள்ள கூடத்தில் பயிற்சி செய்யும். கூரை வழியாகக் குரல்கள் இறங்கிவரும், லிசார்ராகா தலைவலி என்று திட்டுவார். அடுத்த வாரப் பயிற்சியில் பியானோ தொடங்கியது, நின்றது, மறுபடி தொடங்கியது. ஆண்குரல்கள் அநேகமாக இல்லை. நாலைந்து பெண்கள் மட்டும் பாடிப் பார்த்தார்கள். அதற்கடுத்த பயிற்சிக்குப் பியானோ மூடியைத் திறக்கவே இல்லை.

படத்தில் முன்வரிசையில் நின்றவர்களைத்தான் முதலில் பிடித்துக்கொண்டு போயிருந்தார்கள். விடுதியிலிருந்து, வாடகை அறையிலிருந்து, ஒரு பெண்ணைப் பஸ் நிறுத்தத்திலிருந்து. நம்பர் பிளேட் இல்லாத கார்கள். போலீஸில் கேட்டால் எங்களிடம் இல்லை, ராணுவப் பாசறையில் கேட்டால் அப்படி யாரும் இல்லை. கர்னலின் அறையிலிருந்து நெலிதாவுக்கு ஒரு வேலை வந்தது, பத்திரிகைகளுக்கு அறிக்கை. 'தொழில்நுட்பக் காரணங்களால் பல்கலைக்கழகப் பாட்டுக்குழுவின் குளிர்கால நிகழ்ச்சி ஒத்திவைக்கப்படுகிறது.' அவள் தட்டச்சு செய்தாள். தொழில்நுட்பமாம். எழுதுகிற கை கூசவில்லையா என்று கேட்கலாம். கூசத்தான் செய்தது, ஆனாலும் அடித்து முடித்தாள்.

வீட்டில் ரமிரோ இறைச்சி வறுவலை வாய் நிறையப் போட்டுக்கொண்டு பேசினான். "நீ பயந்து பயந்து செத்தியே, பாத்தியா, எனக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா ஒண்ணு புரியலைக்கா. பாட்டுக்குழுவைப் போய் ஏன் புடிக்கறாங்க? அதுங்க எங்ககூட ஊர்வலத்துக்கு வரக்கூட மாட்டேன்னுச்சுங்களே. தொண்டை கட்டிக்குமாம்."

"சாப்பிடு" என்றாள் நெலிதா. அவன் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. உயிரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறானே என்று சந்தோஷமாகவும் இருந்தது, அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் குண்டன் பசான் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். கையில் பாட்டுக்குழு உறை. ஏதோ பத்திரிகை பழைய படம் கேட்டதென்று அலமாரியைத் திறந்திருக்கிறான்.

"நெலி, இது என்ன வேலை?"

அவன் உறையிலிருந்த படங்களை மேஜையில் கொட்டினான்.

"தம்பிக்காகவா?"

"மூணாவது படத்துல இருக்கான்."

பசான் அந்தப் படத்தை எடுத்தான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தான். "எங்க?"

"தோ, கம்பைப் பிடிச்சிட்டு."

"இதுவா? அடி போடி. மூஞ்சி எங்கடி இருக்கு இதுல? அன்னைக்கு மேகம், நேரமும் ஆயிடுச்சு, நான் தொப்பையத் தூக்கிக்கிட்டு ஓடிக்கிட்டே எடுத்தேன். ஒரு படமாவது கூர்மையா இருக்கா? லிசார்ராகா அதுக்கும் சேத்துத்தானே திட்டினாரு. கம்பு வேற மூக்கை மறைக்குது." கண்ணாடியை அவள் பக்கம் தள்ளினான். "நீ வளத்தவ, சட்டை தச்சவ, உனக்குத் தெரியும். வேற எவனுக்குத் தெரியும்? பின்னாடி பேரு கூட இல்லையே. இதைக் குடுத்திருந்தா அந்த ஆளு என்ன பண்ணியிருப்பான்? தூக்கிக் குப்பையில போட்டிருப்பான்."

நெலிதா கண்ணாடி வழியாகப் பார்த்தாள். கட்டம் போட்ட சட்டை தெரிந்தது. அதற்கு மேலே கழுவிவிட்ட மாதிரி ஒரு வெளுப்பு. எத்தனை தடவை பார்த்தும் அந்த வெளுப்பில் அவளுக்குத் தம்பியின் முகம் தெரிந்துகொண்டேதான் இருந்தது. பசான் அவள் தோளைத் தொட வந்து, தொடாமல் கையை இழுத்துக்கொண்டான். உறையைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு இருட்டறைக்குப் போய்விட்டான்.

அன்றோடு லிசார்ராகா சட்டத்தை மாற்றினார். முகத்தைப் பார்க்காமலே சொன்னார். "இனிமே பின்னாடி பேரு எழுத வேண்டாம்." அவர் நெலிதாவிடம் அதைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான். பேசியிருந்தால் தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டதையும் பேச வேண்டியிருந்திருக்கும்.

ஜூன் மாதம் ஒரு அம்மாள் வந்தாள். கரும்பாலைக் குடியிருப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவள். கறுப்புச் சால்வை, ஆண்கள் போடும் சப்பாத்து, கையில் எங்கள் பல்கலைக்கழக இதழ். எத்தனை தடவை மடித்துப் பிரித்தாளோ, மடிப்பில் கிழிந்து போயிருந்தது. பெயர் எத்தெல்வினா. மிர்தாவின் அம்மா. படத்தில் இடமிருந்து மூன்றாவது.

"உக்காருங்க, தோன்யா எத்தெல்வினா" என்று வயதுக்கு மரியாதை வைத்துக் கூப்பிட்டாள் நெலிதா. மாத்தே ஊற்றிக் கொடுத்தாள். அந்த அம்மாள் இரண்டு கையாலும் குடுக்கையை வாங்கிச் சூட்டுக்காகப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுல இருந்த படத்தையெல்லாம் அவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா. மாதா கோயில்ல முதல் நன்மை வாங்கினப்ப எடுத்த படம் ஒண்ணுதான் மிச்சம். அதுல அவளுக்கு எட்டு வயசு. அதக் கொண்டுபோய்க் காட்டினா சிரிக்கறாங்க. இந்தப் பத்திரிகையில பொட்டு மாதிரி தெரியறா. இதையே பெருசாப் போட்டுத் தருவீங்களா? ஆயர் வீட்டுல குடுக்கணும், தலைநகரத்துக்கு வேற போறதா இருக்கோம்."

படங்களும் பிலிமும் காப்டனோடு போய்விட்டன. ஆனால் இதழில் போட்ட அந்த ஒரு படத்தின் பிலிம் மட்டும் உறைக்குத் திரும்பாமல் பசானின் இருட்டறை இழுப்பறையில் கிடந்தது. சோம்பேறி, எதையும் எடுத்த இடத்தில் வைக்கமாட்டான். நெலிதா சொன்னதும் மறுபேச்சுப் பேசாமல் உள்ளே போனான். அவன் மிர்தாவின் முகத்தை மட்டும் பெரிதாக்கிக் கொண்டுவரும்வரை நெலிதா குடுக்கையில் வெந்நீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

அன்று செப்டம்பரில் பசானின் கை நடுங்கவில்லை. வெயில் நன்றாக இருந்தது. மிர்தாவின் கண்ணிமை, நெற்றியில் விழுந்த ஒற்றை முடி, பாதி திறந்த வாய்க்குள் பல் வரிசை, எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. எத்தெல்வினா படத்தை வாங்கிப் பார்த்தாள். அழவில்லை. "பாடறா" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு படத்தைத் திருப்பி மேஜையில் வைத்து நெலிதாவின் பக்கம் தள்ளினாள். "பின்னாடி அவ பேரை எழுதித் தாங்கம்மா. எனக்கு எழுத வராது. பேரில்லாத படம் குடுத்தா மூலையில போட்டுருவாங்களாம், ஆயர் வீட்டுல ஒரு பையன் சொன்னான்."

நெலிதா பென்சிலை எடுக்கவில்லை. "வேற யாராவது..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"நீங்கதானே அன்னைக்கு அவ பேரைக் கேட்டு எழுதினது? ராத்திரி வந்து சொன்னா. அம்மா, அந்த அக்கா என்னோட ரெண்டாவது பேரையும் கேட்டு எழுதிக்கிட்டாங்க, யாரும் அதைக் கேக்கறதே இல்லைன்னு. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. பத்திரிகையில அதைப் பாத்துட்டு ஊரெல்லாம் காட்டினா."

"தோன்யா எத்தெல்வினா, அந்தப் பேரு... அதை எழுதினதாலதான்..." நெலிதாவுக்கு மேலே வரவில்லை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். சொன்னால் இந்த அம்மாளின் மூலம் விஷயம் நாளைக்கு எங்கே போய் நிற்கும், தண்டவாளத்தோரத்து வீட்டில் யார் கதவைத் தட்டும் என்று அதே நொடியில் கணக்குப் போட்டது அவள் மனசு. கணக்குப் போடுகிறோமே என்று அவளுக்கே தெரிந்தது.

"ஆமாம்மா, நீங்க எழுதினதாலதான் அவ பேரு அச்சுல வந்துச்சு" என்றாள் எத்தெல்வினா. கை நீட்டி நெலிதாவின் கையைத் தட்டிக் கொடுத்தாள். "எழுதுங்க."

நெலிதா எழுதினாள். மிர்தா. இரண்டாவது பெயர் செசீலியா, அதை அவள் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. குடும்பப் பெயர். மருந்தியல் துறை, இரண்டாம் ஆண்டு. எழுத்து எப்போதும் போலவே உருண்டையாக, ஒன்றுகூடப் பிசகாமல் வந்தது.

எத்தெல்வினா படிக்கத் தெரியாவிட்டாலும் அதை ரொம்ப நேரம் பார்த்தாள். சால்வைக்குள் வைத்துக்கொண்டாள். குடுக்கையைத் திருப்பிக் கொடுத்து நன்றி சொன்னாள். கதவுவரை போனவள் நின்றாள்.

"மத்தப் பிள்ளைங்களோட அம்மாமாரும் படம் வேணும்னு தவிச்சுட்டு இருக்காங்க. எல்லாரையும் திங்கக்கிழமை கூட்டிட்டு வர்றேன். உங்க கையெழுத்து அவ்வளவு நல்லா இருக்கும்னு சொல்றேன்."